கோடியக்கரைப் படிகமும் மெஹருன்னிசாவும்

என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் என்னைப் பற்றியதாக இருப்பதில்லை. "மெஹர் மேடமும் நீங்களும் ஒரே லேப்ல இருந்தீங்களாமே, நெசமா மேடம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆமாம் என்பேன். அதற்கப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்காருவார்கள்.

இந்த வருஷம் எங்கள் நுண்ணுயிரியல் துறையில் ஒரு புதிய கருவி வாங்கியிருக்கிறார்கள். உப்போ சேறோ ஒரு சிட்டிகை கொடுத்தால் போதும், அதில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று மரபணுவை வைத்தே சொல்லிவிடும். தட்டில் விதைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு புள்ளி தோன்றுகிறதா என்று பார்க்கும் வேலை குறைந்துவிட்டது. அந்த வேலை எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றாள் இப்போதைய துறைத் தலைவி. என்னிடம் படித்தவள், அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை. ஆனால் அதை எழுதினால் மெஹரை விட்டுவிட்டு எழுத முடியாது. மெஹரை எழுதினால் என் பொறாமையை விட்டுவிட்டு எழுத முடியாது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிலோமினா. பூதலூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் பட்டம் படித்தேன், மேற்படிப்பும் அங்கேயே முடித்தேன், பிறகு சேதுராமன் சாரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். நன்றாகப் படித்தேன், முதலாவதாக வந்தேன். நான் சேர்ந்த அதே மாதம் மெஹருன்னிசாவும் சாரிடம் சேர்ந்தாள். அதற்குப் பிறகு எதிலும் நான் முதலாவதாக வரவில்லை.

சாரின் ஆராய்ச்சி உப்பில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியது. கருவாடும் ஊறுகாயும் ஏன் கெடுவதில்லை என்றால் உப்பில் கிருமி வாழாது என்போம். பெரும்பாலான கிருமிக்கு அது உண்மை. ஆனால் உப்பில் மட்டுமே வாழ்கிற சில உண்டு. உப்பளத்தில் தண்ணீர் வற்றி வற்றி இனி ஒரு கல் உப்புகூடக் கரையாது என்கிற நிலைக்கு வரும்போது பாத்தி முழுவதும் செம்பருத்தி பிழிந்த மாதிரிச் சிவந்துபோகும். அந்தச் சிவப்பே அவைதான். நல்ல தண்ணீரில் விட்டால் உடைந்து செத்துவிடும். நாம் எதைச் சுகமான இடம் என்கிறோமோ அது அவற்றுக்குச் சுடுகாடு.

செவ்வாய்க் கிரகத்தில் உயிர் தேடவும் இந்தப் படிப்பு உதவும் என்பார் சார். இதைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து படிப்பதற்கும் செவ்வாய்க் கிரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் ஓடி வற்றியது. வற்றிய இடத்தில் உப்பும் ஜிப்சமும் மிஞ்சும். அங்கே எப்போதாவது உயிர் இருந்திருந்தால், தண்ணீர் போகப் போக அது கடைசியாக அடைபட்ட இடம் அந்தப் படிகங்களின் உள்ளே இருக்கும் துளி நீராகத்தான் இருக்கும். அப்போது இது வெறும் ஊகம். பிறகு விண்கலங்கள் போய் அங்கே ஜிப்சம் கிடப்பதையே பார்த்துவிட்டன. "நம்ம களர் வயலுக்கு மூட்டை மூட்டையா போடுறோமே, அந்த ஜிப்சமா?" என்று அப்பா அன்றே கேட்டார். அதேதான் என்றேன். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் சந்தேகமே கேட்டதில்லை.

சேதுராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தன் கண்ணாடிச் சாமான்களைத் தானே கழுவுவார், ஆய்வக உதவியாளர் அருகில் வந்தால் புறங்கையால் தடுப்பார். நாங்கள் ஏதாவது முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால், கழுவுவதை நிறுத்தாமலே, "இத யாரு நம்பணும்?" என்பார். முதலில் எனக்குப் புரியவில்லை. நம்புகிறவனுக்காக வேலை செய்யாதே, நம்பவே கூடாது என்று முடிவுகட்டி வந்தவனுக்காகச் செய் என்பது அதன் பொருள். அவன் என்னென்ன கேட்பான் என்று யோசித்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தால், "சரி" என்பார். அதுதான் அவருடைய அதிகபட்சப் பாராட்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மெஹர் கடலோரத்து ஊர்க்காரி. அவளுடைய வாப்பா வளைகுடாவில் கடை வைத்திருந்தார். வீட்டில் நாலு தலைமுறையாக வியாபாரம், இவள் ஒருத்திதான் படிப்பு படிப்பு என்று கிளம்பியவள். பேச்சு, சிரிப்பு, வேலை எல்லாமே வேகம். நான் ஒரு தட்டு விதைக்கும் நேரத்தில் அவள் மூன்று விதைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். நான் அவசரப்பட்டால் தப்பு வரும், அவள் அவசரப்பட்டாலும் சரியாக வரும். சேர்ந்த புதிதில் எங்களைக் கோடியக்கரை உப்பளத்துக்கு அழைத்துப்போனார் சார். நான் வெப்பமானியை வைத்துப் பாத்தித் தண்ணீரின் சூட்டை அளந்துகொண்டிருந்தேன். மெஹர் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"சார், இது உப்பு மட்டும் இல்ல. கடைசியில ஒரு கசப்பு இருக்கு."

உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீரில் மக்னீசியம் கூடிக் கசக்கும். புத்தகத்தில் நாங்கள் இருவருமே படித்ததுதான். ஆனால் அவள் வாயில் வைத்துச் சொன்னாள். சார் சிரித்துவிட்டு, "பலே" என்றார். அந்த ஒரு சொல் என்னை எங்கே குத்தியது என்று இப்போதும் இடம் காட்ட முடியும்.

அடுத்த வருஷம் கோடைக்கு முன்பு அதே பகுதியில் ஒருவர் இறால் குட்டை வெட்டினார். ஆழத்தில், சாம்பல் நிறக் களிமண்ணுக்குள், கண்ணாடிச் சில்லு சில்லாக ஏதோ வருகிறது என்று சாருக்குத் தகவல் வந்தது. மூவரும் போனோம். மெஹர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள். நான் மேலே நின்று அவள் எடுத்துக் கொடுத்ததைப் பைகளில் போட்டுக் கட்டினேன். அத்தனையும் ஜிப்சம் படிகம். கடல் அந்த இடத்திலிருந்து பின்வாங்கியபோது களிமண்ணுக்குள் உருவாகி, அப்படியே மூடிக் கிடந்தவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிலவற்றின் உள்ளே ஒரு துளி நீர் அடைபட்டிருக்கும். படிகத்தைச் சாய்த்தால் அந்தத் துளிக்குள் ஒரு காற்றுக் குமிழி மெல்ல நகரும். அடைபட்ட நாளிலிருந்து வெளிக்காற்றையே காணாத தண்ணீர்.

திரும்பி வந்து சார் வேலையைப் பங்கிட்டார். படிகம் மெஹருக்கு. உப்பளத் தண்ணீரும் காய்ந்த உப்பும் எனக்கு. காரணம் கேட்க அந்தக் காலத்தில் எங்களுக்குத் துணிவில்லை. குழியில் இறங்கியவள் அவள்தானே என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது ஆறுதலாக இல்லை.

படிகத்தின் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது சொல்வதற்குச் சுலபம். உள்ளே இருப்பது வேண்டும், வெளியே ஒட்டியிருப்பது கூடாது. முதலில் படிகத்தைச் சோப்புநீரில் கழுவ வேண்டும். அடுத்து அமிலத்தில் முக்கி மேற்பரப்பைச் சிறிது கரைய விட வேண்டும். பிறகு சாராயத்தில் நனைத்து, தீயில் ஒரு கணம் காட்டி எடுக்க வேண்டும். அதிக நேரம் காட்டினால் உள்ளே இருப்பதும் வெந்துவிடும். அதற்குப் பிறகு சூட்டடுப்பில் வறுத்தெடுத்த கல்வத்தில் போட்டு உடைத்து, அந்தத் தூளை அடர்ந்த உப்புக்கரைசலில் கலக்கி, உணவு சேர்த்த தட்டுகளில் ஊற்ற வேண்டும். தட்டு காய்ந்துபோகாமல் பாலித்தீன் பையில் கட்டி, இளஞ்சூட்டில் வைத்துவிட்டு மறந்துபோக வேண்டும். தயிர்க்கிருமி போல ஒரே ராத்திரியில் வளர்கிற ஜாதியில்லை இவை. வாரங்கள் ஆகும். காலையில் வந்ததும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

மெஹரின் தட்டுகளில் இருந்தது. குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள். ஒரு தட்டில் இல்லை, எல்லாத் தட்டிலும்.

சார் அன்று கழுவுவதை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டை வாங்கி, ஜன்னலருகே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெஹரின் தோளைத் தட்டினார். நான் அடுத்த மேஜையில் உப்பு எடை போட்டுக்கொண்டிருந்தேன். தராசின் முள் நிலைகொள்ளவே இல்லை.

செய்தி பரவியது. செவ்வாயில் உயிர் தேடுவதைப் பற்றி வேலை செய்த ஒரு வெளிநாட்டுக் குழுவினர் சாரைத் தொடர்புகொண்டார்கள். வரும் கூட்டத்தில் இதைச் சொல்ல மெஹரையே அனுப்புங்கள், அப்படியே இங்கே தங்கி வேலை செய்யட்டும் என்றார்கள். மெஹர் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறைய, ரவையில் செய்யும் தம்ரூட் என்ற இனிப்பைக் கொண்டுவந்து துறை முழுவதும் கொடுத்தாள். எனக்கு ஓரத்துத் துண்டு பிடிக்கும் என்று தெரிந்து, முறுகலாக இருந்த மூலைத் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மிகவும் ருசியாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த நாட்களில் விடுதியில் ஜெபத்துக்கு முழங்காலிட்டால் மெஹரின் தட்டுகள்தான் கண்முன் வரும். அப்படி அவற்றையே நினைத்துக்கொண்டிருந்ததில்தான் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பாக இருந்தது. மாதக்கணக்கில் நான் உப்பளத் தண்ணீரோடு மாரடித்தவள். அதில் வளரும் புள்ளியின் நிறம், விளிம்பு, மினுமினுப்பு எல்லாம் எனக்கு என் கையெழுத்து மாதிரிப் பழக்கம். எத்தனையோ காலம் களிமண்ணுக்குள் மூடிக் கிடந்தது, நேற்று உப்பளத்தில் மொண்டது மாதிரியே ஏன் இருக்க வேண்டும்?

சாரிடம் போனேன். வழக்கம்போல் குழாயடியில் இருந்தார்.

"சார், மெஹர் செஞ்சத நான் ஒரு தடவ செஞ்சு பாக்கணும்."

"எதுக்கும்மா?"

"அந்தச் செகப்பு என் தண்ணியில வர்ற செகப்பு மாதிரியே இருக்கு."

"அது மட்டுந்தானா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் உண்மையைச் சொல்லச் சுலபமாக இருந்தது. "இல்ல சார். பொறாமையும் இருக்கு."

அவர் ஒரு குடுவையைக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இருந்துட்டுப் போகுது. மெஹரும் பக்கத்துல நிக்கட்டும். அவ எப்படிச் செஞ்சாளோ அப்படியே செய். அவள விட நல்லாச் செய்யக் கூடாது, தெரியுதா?"

மெஹரிடம் சார்தான் சொன்னார். அவள் என் மேஜைக்கு வந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒன்றையும் மறைக்கவும் இல்லை. படிகம் உடைப்பதற்குச் சுத்தமான காற்று வீசும் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்குள்தான் உடைக்க ஆரம்பித்தாளாம். பாதியில் கரண்ட் போய்விட்டது. பெட்டி நின்றுவிட்டது. கழுவி, தீயில் காட்டி வைத்த படிகம் வீணாகிவிடக் கூடாதே என்று மேஜையில் பர்னரைக் கொளுத்தி, அந்தச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து மீதியை உடைத்து, எல்லாத் தூளையும் அங்கேயே தட்டுகளில் ஊற்றியிருக்கிறாள். கரண்ட் இல்லாத நாட்களில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். சாரும் செய்வார்.

நானும் அப்படியே செய்தேன். பெட்டியைப் பாதியில் நிறுத்தினேன், பர்னரைக் கொளுத்தினேன். ஒரே ஒரு சேர்க்கை. படிகங்களோடு, வறுத்தெடுத்த கண்ணாடித் துண்டுகளையும் அதே கல்வத்தில் அதே மாதிரி உடைத்துத் தட்டில் ஊற்றினேன். இதைத்தான் நாங்கள் கன்ட்ரோல் என்போம். கண்ணாடிக்குள் உயிர் இருக்க வழியில்லை. அந்தத் தட்டு சுத்தமாக இருந்தால் மெஹர் ஜெயித்தாள். மெஹர் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வழக்கமான காத்திருப்பு. அவள் ஒரு காலை, நான் ஒரு காலை என்று பையைத் தூக்கிப் பார்ப்போம். கண்ணாடித் தூள் ஊற்றிய தட்டுகளில் சிவப்புப் புள்ளிகள் தோன்றிய அன்று பார்த்தது மெஹர். என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எந்தச் சொல்லாலும் மூட எனக்கு விருப்பமில்லை.

எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. என் மேஜைக்கடியில் கோடியக்கரையிலிருந்து வந்த காய்ந்த உப்பு வாளி வாளியாக இருந்தது. மேலே மின்விசிறி. எடை போடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் அறை முழுக்கப் பறந்திருக்கிறது. துகள் ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தச் சிவப்பு உயிர் சௌகரியமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"உன் உப்புதான் பிலோ என் தட்டுல வந்திருக்கு," என்றாள் மெஹர். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

சார் வெளிநாட்டுக்காரர்களுக்கு உடனே தகவல் சொல்லி எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். மெஹரின் பயணம் நின்றது. துறையில் என்னைப் பார்த்த பார்வைகள் மாறின. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று காதுபடவே பேசினார்கள். சார் மட்டும் ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணாடியில் புள்ளி வந்ததால் படிகத்தில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது, இதுவரை செய்ததை நம்ப முடியாது என்பதுதான் இதற்கு அர்த்தம் என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மெஹர் அழுவாள், ஊருக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு வந்தாள்.

"நான் திரும்பச் செய்யப்போறேன். நீயும் இருக்கணும்."

"வேற யாரையாவது கூட்டிக்கயேன்."

"வேற யாரு இருந்தாலும் எனக்குப் பாவம் பாப்பாங்க. நீ பாக்க மாட்ட."

கீழவாசல் பக்கம் மீன் தொட்டி செய்பவரிடம் போய் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து ஒரு பெட்டி செய்யச் சொன்னோம். முன்பக்கம் இரண்டு துளைகள், அவற்றில் தோள்வரை நீண்ட ரப்பர் கையுறைகள். காற்று உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை. என் உப்பு வாளிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். அறையின் சுவர், கூரை, மின்விசிறியின் இறக்கை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் துடைத்தோம், நல்ல தண்ணீர்தானே அவற்றுக்கு விஷம். ஊற்றப்போகும் தட்டுகளுக்கு நான் எண் போட்டேன். எந்த எண் படிகம், எந்த எண் கண்ணாடி என்பது எனக்கு மட்டும் தெரியும். கழுவிய சில்லுகளை அதே எண் போட்ட உறைகளில் நான் பெட்டிக்குள் வைத்தேன்; படிகச் சில்லும் கண்ணாடிச் சில்லும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கை விட்டு உறையைக் கல்வத்தில் கவிழ்த்து உடைத்தவள் அவள். ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாது என்று இந்த ஏற்பாட்டைச் சொன்னவளும் அவள்தான். அவளுடைய விதி என் கையில் இருக்கும்படி அவளே செய்துகொண்டாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

வாரங்கள் போயின. எல்லாத் தட்டும் வெறிச்சென்று இருந்தன. மழைக்காலம் பிறந்து, சம்பா நடவும் முடிந்துவிட்டது. சாரே நம்பிக்கை இழந்து, இனித் தூக்கிப் போடலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மெஹர் சொன்னாள். நான் சரி என்றது, அவளுடைய வெறும் தட்டுகளைக் கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்பதற்காக.

ஒரு காலை, ஒரே ஒரு தட்டில், ஒரே ஒரு புள்ளி. சிவப்பு இல்லை. வெளிறிய ஆரஞ்சு நிறம், வெயில் படாத பூசணிச் சதை மாதிரி. என் தண்ணீரில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மெஹர் தட்டின் எண்ணைப் படித்தாள். அவளுக்கு அந்த எண் வெறும் எண். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அது எதுவென்று எனக்குத் தெரியும். அது கண்ணாடியாக இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஒரு முறை கேட்டது. அவள் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிகம்," என்றேன்.

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுததற்கும் நான் அழுததற்கும் காரணம் வேறு வேறு.

அந்த உயிர் அதுவரை யாரும் பெயரிடாத ஒன்று என்று பின்னால் உறுதியானது. கட்டுரையில் முதலில் மெஹர் பெயர், அடுத்து என் பெயர், கடைசியில் சார் பெயர். கேள்வி கேட்க வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடிப் பெட்டியையும் எண் போட்ட தட்டுகளையும் பற்றிக் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்கள். புதிய உயிருக்குச் சாரின் பெயரை வைத்தாள் மெஹர். எனக்குச் சாரின்மேலும் பொறாமை வந்தது.

மெஹர் வெளிநாடு போனாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. எனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று சார் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. நான் அதே துறையில் விரிவுரையாளர் ஆனேன். ரயில்வேயில் வேலை பார்த்த ஆரோக்கியசாமியைக் கல்யாணம் செய்துகொண்டேன். பால் புளிப்பது, குடிநீரில் கிருமி எண்ணுவது, நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி வளர்ப்பது என்று பாடம் நடத்தினேன். நல்ல ஆசிரியை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மெஹர் அங்கே என்ன செய்தாள் என்பதை ஒன்று விடாமல் தெரிந்துவைத்திருந்தேன். எங்கள் ஆரஞ்சு உயிரைக் காற்று மெலிந்த குளிர்ப்பெட்டியில் அடைத்து, செவ்வாயில் படுவது மாதிரிக் கடும் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தாள். வெளியே இருந்தவை செத்தன, படிகத்துக்குள் இருந்தவற்றில் சில பிழைத்தன. அதற்காக அவளுக்குப் பரிசு கிடைத்தது. ஒரு முறை நீடாமங்கலம் ஸ்டேஷனில் மன்னார்குடி வண்டிக்குக் காத்திருந்தபோது, கடையில் தொங்கிய வாரப் பத்திரிகையில் அவள் படம். பெரிய எஃகு உருளை ஒன்றின் பக்கத்தில், தலையில் முக்காட்டோடு, அதே சிரிப்பு. வாங்கி நின்ற இடத்திலேயே படித்தேன். என் பெயர் ஓரிடத்திலாவது வருகிறதா என்று தேடினேன். "உடன் பணியாற்றிய தோழி ஒருவர்" என்று ஒரு வரி இருந்தது. ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்து, "உன் சிநேகிதிதானே?" என்றார். "கூட வேல பாத்தவ," என்றேன். வண்டி வந்து நின்றதைக்கூட அவர் சொல்லித்தான் கவனித்தேன்.

ஆரோக்கியசாமி இப்போது இல்லை. சாரும் இல்லை. நான் ஓய்வுபெற்று மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடிவீட்டில் இருக்கிறேன்.

போன தை மாதம் மெஹர் வந்தாள். அவளுடைய தம்பி பேத்தியின் நிக்காஹ். அது முடிந்த மறுநாள் கார் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு என்னைப் பார்க்கவென்றே வந்திருந்தாள். முழங்கால் வலி, படி ஏறச் சிரமப்பட்டாள். எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட வைத்தேன். ஊர், பிள்ளைகள், மருந்து என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டு முடித்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டே, தட்பவெப்பத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி ஒன்றைச் சொன்னாள். செவ்வாயிலிருந்து எப்போதாவது கல் கொண்டுவரப்பட்டால் அதை எப்படித் திறப்பது, உள்ளே இருப்பது அங்கத்து உயிரா இங்கே ஒட்டிக்கொண்டதா என்று எப்படிப் பிரித்தறிவது என்பதையெல்லாம் வகுக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். கல் எப்போது வரும், வருமா என்பதுகூட யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் குழு முக்கியம். அதற்கு மெஹர்தான் தலைமை ஏற்பாள் என்று அவள் உட்பட எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளைச் சேர்க்கவே இல்லை. நாற்பது வயதுகூட ஆகாத ஒருவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

"வயசாயிடுச்சுல்ல," என்றாள். ஒரு சுளையை என் தட்டில் வைத்தாள்.

இப்படி ஒரு செய்திக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவள் நான். அவளை யாராவது ஓரிடத்தில் நிறுத்தமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அது வந்து என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபோது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யார் அவன்? எந்தக் குழிக்குள் இறங்கினான்? எத்தனை தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்? மெஹருக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் தப்பு கண்டுபிடிக்க ஒருத்தி இருந்தாள். இவனுக்கு யார் இருந்தார்கள்?

"அவன் பண்ணின வேல எதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

மெஹர் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு மிக நன்றாகத் தெரியும், அவள் சிரிப்பதற்கு முந்தின முகம். கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். அவளும் அவன் கட்டுரையை ஏற்கெனவே இறக்கித்தான் வைத்திருந்தாள்.

தட்டுகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு நாற்காலிகளையும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். நான் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டேன். மேற்பரப்பை எப்படிச் சுத்தம் செய்தான், கன்ட்ரோல் வைத்தானா, எத்தனை, காற்றைத் தனியாகச் சோதித்தானா, எண் போட்டவனும் உடைத்தவனும் வேறு வேறு ஆளா? அவள் தேடித் தேடிப் பதில் சொன்னாள். எல்லாமே இருந்தது. நாங்கள் யோசிக்காத ஒன்றிரண்டும் இருந்தன. கார் டிரைவர் வந்து கதவைத் தட்டினார். கொஞ்சம் இருங்க தம்பி என்று சொல்லி அனுப்பினோம்.

கடைசிப் பக்கம் முடிந்தது. மெஹர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல பிலோ. சுத்தமான வேல."

"அதெப்படி இல்லாம இருக்கும்?" என்றேன். "மொதல்லேருந்து படி."

அவள் கண்ணாடியை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள்.